கொலுப்படியில் டார்வின்

போன நவராத்திரிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு படி கொலு. நாலாவது படியில் அம்மா காலத்து தசாவதார செட், காகிதக்கூழ் பொம்மைகள். வராகத்தின் ஒரு தந்தம் உடைந்து, அதை யாரோ தீக்குச்சி வைத்துச் சரி செய்திருந்தார்கள். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா மகள் பக்கத்தில் வந்தாள். பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். அறிவியல் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று ஒரு பாடம் உண்டு. அதை அப்போதுதான் படித்து முடித்திருந்தாள் போல.

"மாமா, மீன் ஓகே. மீனுக்கு அப்புறம் ஆமை, அதுவும் ஓகே. ஆமையிலேர்ந்து எப்படி பன்னி வந்துச்சு?"

"யார் சொன்னா ஆமையிலேர்ந்து பன்னி வந்துச்சுன்னு?"

"நீங்கதான். நான் அஞ்சாவது படிக்கும்போது இதே இடத்துல உக்காந்து சொன்னீங்க. தசாவதாரம்தான் பரிணாமம், டார்வினுக்கு முன்னாடியே நம்மாளுங்க கண்டுபிடிச்சிட்டாங்கன்னு."

உண்மைதான், சொல்லியிருக்கிறேன். எனக்கு அதைச் சொன்னவர் பள்ளியில் எங்களுக்கு உயிரியல் எடுத்த ஆசிரியர். நல்ல ஆசிரியர், இன்றைக்கும் மரியாதை உண்டு. அவருக்கு யார் சொன்னார்கள்? அவருக்குச் சொன்னவருக்கு யார்? இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாள் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகளைத் தொகுத்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோயிலுக்குப் போகிறவன், வீட்டில் விளக்கேற்றுகிறவன். மதத்தைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. ஒரு குழந்தையிடம் நான் சொன்ன வார்த்தை சரியா தப்பா என்று பார்ப்பதற்காக எழுதுகிறேன்.

வாதம் என்ன?

நீங்களும் கேட்டிருப்பீர்கள். மீன் நீரில் வாழ்வது. ஆமை நீரிலும் நிலத்திலும் வாழ்வது. பன்றி நிலத்துப் பாலூட்டி. நரசிம்மம் பாதி மிருகம், பாதி மனிதன். வாமனன் குள்ள மனிதன். பரசுராமன் கோடரி ஏந்திய காட்டு மனிதன். ராமன் வில்லேந்திய அரசன். பலராமன் கலப்பை பிடித்த விவசாயி. கண்ணன் அரசியல் தெரிந்த முழு மனிதன். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 2003-ல் மூன்றரை அடி உயர மனித இனத்தின் எலும்புகள் கிடைத்த பிறகு, "வாமனன் கிடைச்சாச்சு" என்று சொன்னவர்களும் உண்டு.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாசிப்புக்கு வயது என்ன?

யார் ஆரம்பித்தது?

டார்வினின் "உயிரினங்களின் தோற்றம்" வெளிவந்தது 1859-ல். மனிதனைப் பற்றிய புத்தகம் 1871-ல். ஆழ்வார்களின் பாசுரங்கள், ஆசாரியர்களின் உரைகள், வடமொழிப் புராணங்களின் வியாக்கியானங்கள் எல்லாம் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தையவை. இவற்றில் மீனும் ஆமையும் பன்றியும் திரும்பத் திரும்ப வருகின்றன. பக்தர்கள் அவற்றில் கண்டது கருணை. எந்த உருவத்தையும் எடுத்து இறங்கி வருகிறவன் என்ற வியப்பு அது. மீன் இனம் மாறி ஆமை இனம் ஆயிற்று என்று அதை வாசிப்பதற்கு, அப்படி ஒரு கொள்கை உலகத்தில் முதலில் வந்தாக வேண்டும் அல்லவா?

அச்சில் இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்த ஆரம்பகாலப் புத்தகங்களில் முக்கியமானது 1877-ல் வந்த "ஐசிஸ் அன்வெய்ல்ட்". எழுதியவர் பிளாவட்ஸ்கி அம்மையார், ரஷ்யாவில் பிறந்தவர், எழுதியது நியூயார்க்கில் இருந்துகொண்டு. அவரும் கர்னல் ஆல்காட்டும் தொடங்கிய பிரம்மஞான சபையின் தலைமையகம்தான் 1882-ன் கடைசியில் நம்ம சென்னை அடையாறுக்கு வந்தது.

அதே 1882-ல் கல்கத்தாவில் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் ஓர் உரை நிகழ்த்தினார். தாழ்ந்த உயிர் வடிவத்திலிருந்து மேலே மேலே ஏறும் படைப்பின் வரிசையை இந்துக்களின் அவதாரக் கதை முரட்டு வடிவில் காட்டுகிறது என்றார். பலர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. அந்த உரையின் தலைப்பே கிறிஸ்தவர்களின் மும்மையைப் பற்றியது. சென் காட்டிய படிக்கட்டின் உச்சியில் நின்றவர் கல்கி அல்ல, இயேசு கிறிஸ்து.

அடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த மோனியர் வில்லியம்ஸ். டார்வின் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்துக்கள் டார்வின்வாதிகளாக இருந்தார்கள் என்ற பொருளில் எழுதியவர் இவர். இன்றைக்கு வாட்ஸப்பில் சுற்றும் மேற்கோள் அவருடையதுதான். அவர் வகித்த போடன் பேராசிரியர் பதவி எதற்காக ஏற்பட்டது தெரியுமா? இந்தியர்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவர சமஸ்கிருத அறிவு உதவும் என்று கர்னல் போடன் உயில் எழுதி வைத்த பணத்தில்.

ஆக, ஒரு ரஷ்ய அம்மையார், இயேசுவைப் போற்றிய ஒரு வங்காளி, மதமாற்றத்துக்கென ஏற்பட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆங்கிலேயர். நம் பாட்டன் பூட்டன் சொத்து என்று நான் நினைத்திருந்தது 1870, 80களின் சரக்கு.

இது ஏன் நம்மிடம் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்பதும் புரிகிறது. "மீனையும் பன்றியையும் கும்பிடுகிறார்கள்" என்பது அந்தக் காலத்து மிஷனரிகளின் வழக்கமான கேலி. கேலிக்கு ஆளான அதே மீனும் பன்றியும் ஐரோப்பாவின் புத்தம்புதிய விஞ்ஞானத்துக்கு முன்னோடி என்று ஆகிவிட்டால்? அவமானம் ஒரே ராத்திரியில் பெருமையாக மாறிவிடும். அடிமைப்பட்ட நாட்டில் படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆறுதல் என்பது ஆதாரம் ஆகாது.

பட்டியலைக் கொஞ்சம் பார்ப்போம்

பத்து என்ற எண்ணிக்கையும் இந்த வரிசையும் பழையவைதான். மாமல்லபுரம் ஆதிவராகக் குகைக்கோயிலில் பல்லவர் காலத்து வடமொழிக் கல்வெட்டு ஒன்று பத்துப் பெயரையும் வரிசையாகச் சொல்கிறது. மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன், மூன்று ராமன்கள், புத்தர், கல்கி. கண்ணன் அந்தப் பட்டியலில் இல்லை, புத்தர் இருக்கிறார். நம்ம வைணவ வழக்கத்தில் புத்தர் கிடையாது, பலராமனும் கண்ணனும் உண்டு.

பாகவத புராணத்தின் முதல் ஸ்கந்தம், மூன்றாம் அத்தியாயத்துக்குப் போனால் கதையே வேறு. அங்கே 22 அவதாரங்கள். முதலில் வருவது சனகாதி முனிவர்கள் நால்வர். இரண்டாவது வராகம். நாரதர், கபிலர், தத்தாத்ரேயர் எல்லாரும் வந்து போன பிறகு மீன் வருவது பத்தாவது. ஆமை பதினொன்று. அதாவது முதலில் மனித உருவில் ரிஷிகள், பிறகு பன்றி, கடைசியில்தான் மீன். பரிணாமம் சொல்ல வந்த புராணம் என்றால் இந்த வரிசையை என்ன செய்வது?

இன்னும் பின்னால் போனால் சதபத பிராமணம். பெருவெள்ளத்தில் மனுவைக் காப்பாற்றும் மீன் அங்கே வருகிறது, ஆனால் அது விஷ்ணு என்று அங்கே சொல்லவில்லை. ஆமையும் பன்றியும் பிரஜாபதியோடு சேர்ந்தவை. தனித்தனியாக இருந்த பழங்கதைகள் காலப்போக்கில் திருமாலிடம் வந்து சேர்ந்து ஒரு மாலையாகக் கோக்கப்பட்டன. மத வரலாறாகப் பார்த்தால் அருமையான விஷயம். உயிரியல் வரலாறு அதில் இல்லை.

இதையெல்லாம் அக்கா மகளிடம் போனில் சொன்னபோது, நான் யோசிக்காத ஒன்றை அவள் கேட்டாள். "மாமா, மீன் அவதாரத்துலயே மனு படகுல இருக்காரே. அவர் மனுஷன்தானே?" அவ்வளவுதான்! முதல் அவதாரத்திலேயே மனிதன் இருக்கிறான். இரண்டாவது அவதாரத்தில் பாற்கடலைக் கடையும்போது யானை, குதிரை, பசு எல்லாம் வெளியே வருகின்றன. பன்றி வருவதற்கு முன்பே! பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு எட்டியது எனக்கு இத்தனை வருஷம் எட்டவில்லை.

உயிரியல் என்ன சொல்கிறது?

மீன் விஷயத்தில் ஒற்றுமை உண்டு, மறுக்க வேண்டாம். நாலு கால் உயிர்களின் மூதாதையர் மீன்கள்தான். கனடாவின் வடகோடியில் 2004-ல் கண்டெடுத்த டிக்டாலிக் என்ற புதைபடிவம் சுமார் 37.5 கோடி வருஷம் பழையது. மீனின் செதிலும், தூக்கி நிற்க உதவும் எலும்புள்ள துடுப்பும், திரும்பும் கழுத்தும் உடையது.

ஆமையில்தான் வண்டி நிற்கிறது. ஆமை நீர்நில வாழ்வன வகுப்பைச் சேர்ந்தது அல்ல, ஊர்வன. ஊர்வனவற்றின் வம்சமும் பாலூட்டிகளின் வம்சமும் 30 கோடி வருஷத்துக்கும் முன்பே பிரிந்துவிட்டன. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆமைப் புதைபடிவங்கள் சுமார் 22 கோடி வருஷத்தவை. எனவே ஆமை நமக்குத் தாத்தா அல்ல, தூரத்துப் பங்காளி. பன்றியும் அப்படித்தான். பன்றிக் குடும்பம் தோன்றுவதற்கு முன்பே குரங்கினத்தின் முன்னோர்கள் மரத்தில் ஏறிவிட்டார்கள். சிங்கம் இன்னும் புதுசு.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. தசாவதாரத்தை நாம் ஏணியாகப் படிக்கிறோம். கீழே மீன், மேலே மனிதன், ஒவ்வொரு படியும் முந்தையதைவிட உசத்தி. டார்வின் தன் நோட்டில் வரைந்து பார்த்தது மரம். மரத்தில் நுனிக்கிளைகள் எல்லாமே இன்றைய தேதியில் இருப்பவை. இன்றைய மீனும் இன்றைய மனிதனும் ஒரே அளவு காலம் பரிணமித்து வந்தவர்கள். யாரும் யாருக்கும் மேல்படி இல்லை.

டார்வினின் உண்மையான கண்டுபிடிப்பு "உயிர்கள் மாறின" என்பது மட்டும் அல்ல. அதை அவருக்கு முன்பே ஐரோப்பாவில் சிலர் சொல்லியிருக்கிறார்கள், அவர் தாத்தாவே சொல்லியிருக்கிறார். எப்படி மாறின என்பதைத்தான் இவரும் வாலஸும் சொன்னார்கள். ஒரே இனத்துக்குள் சின்னச் சின்ன வேறுபாடுகள், அவை பிள்ளைகளுக்குப் போவது, சூழலுக்கு ஒத்துப்போனவை அதிகம் பிழைத்து அதிகம் பெறுவது. திட்டம் போட்டவர் யாரும் தேவையில்லாத இயக்கம். அவதாரம் என்ற சொல்லுக்கோ இறங்கி வருதல் என்று பொருள். ஒருவர் நினைத்து, ஒரு நோக்கத்தோடு வருவது. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

நம்ம ஊர் வடிவங்கள்

தமிழில் இதற்குக் கிளைகள் உண்டு. கொலுப்படிக்கே ஒரு விளக்கம் சொல்வார்கள். முதல் படியில் ஓரறிவுத் தாவரம், அடுத்து ஈரறிவு நத்தை, சங்கு, பிறகு எறும்பு, நண்டு, விலங்கு, மனிதன், கடைசியில் தெய்வம். இதற்கு அடிப்படை தொல்காப்பிய மரபியலில் வரும் ஆறறிவு வகைப்பாடு. அது பெருமைப்பட வேண்டிய வேலைதான். புலன்களின் எண்ணிக்கையை வைத்து உயிர்களைப் பிரிக்கும் சமண மரபோடு அதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. ஆனால் வகைப்படுத்துவது வேறு, ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்பது வேறு. 1735-ல் உயிர்களை வகுத்து அடுக்கத் தொடங்கிய லின்னேயஸ், தன் காலத்தில் பெரும்பாலும் நம்பியது இறைவன் படைத்தபடியே இனங்கள் நிற்கின்றன என்றுதான்.

சிவபுராணத்தையும் சொல்வார்கள். பல பிறவிகள் எடுத்து இளைத்ததை மாணிக்கவாசகர் பட்டியலிடும் இடம். நானும் மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாம்புக்குப் பிறகு கல் வருகிறது, மனிதருக்குப் பிறகு பேயும் அசுரரும் வருகிறார்கள். அவர் பாடியது ஓர் உயிர் உடம்பு மாறி மாறிப் பட்ட களைப்பை. அந்தக் களைப்பை உணராமல் அதில் உயிரியல் பாடத்தைத் தேடுகிறவர்கள் திருவாசகத்தையும் இழக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பெரிய எண்கள். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருஷம், பூமியின் வயது சுமார் 454 கோடி. கார்ல் சேகன் 1980-ல் தன் "காஸ்மாஸ்" தொடரில் இதை வியந்து பேசியது உண்மை. அந்தப் பொருத்தம் தற்செயல்தான் என்ற பொருளில் அதே வாக்கியத்திலேயே அவர் சொன்னதை நாம் வெட்டிவிடுகிறோம். 4,32,000 என்ற கலியுகக் கணக்கு பாபிலோனியப் பூசாரி பெரோசஸ் எழுதிய பெருவெள்ளத்துக்கு முந்தைய மன்னர்களின் ஆட்சிக் கணக்கிலும் வருகிறது. வானியல் கணக்குகளில் வசதியாக வகுபடும் எண்கள் அவை. தவிர, யுகக் கணக்கு சொல்லும் திசை இறங்குமுகம். கிருதயுகத்தில் நாலு காலில் நின்ற தர்மம் கலியில் ஒற்றைக்காலில். ஒரே ஆள் ஒரே மூச்சில் "தசாவதாரம் வளர்ச்சி, யுகம் வீழ்ச்சி, இரண்டும் விஞ்ஞானம்" என்று சொல்ல முடியுமா?

பொறுப்பாக யோசித்தவர்கள்

இந்து மரபிலிருந்து பரிணாமத்தை உண்மையாகவே எதிர்கொண்டவர்கள் இருக்கிறார்கள். விவேகானந்தர் ஒருவர். பதஞ்சலியின் யோக சூத்திரம் நாலாம் பாதத்தில், ஒரு பிறவி வகை இன்னொன்றாக மாறுவது பற்றி வருகிறது. அங்கே உள்ள உவமை வயலுக்கு மடை திறக்கும் விவசாயி. தண்ணீரை அவன் உண்டாக்குவதில்லை, தடையை எடுக்கிறான், அது தானே பாய்கிறது. இதை வைத்து விவேகானந்தர், உள்ளே ஏற்கனவே பொதிந்திருப்பதுதான் வெளியே மலர்கிறது என்றார். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிச்சாலைக் கண்காணிப்பாளர் ராம்பிரம்ம சன்யாலோடு டார்வினைப் பற்றி அவர் விவாதித்ததும் பதிவாகியிருக்கிறது. விலங்குகளிடம் போராட்ட விதி செல்லும், மனிதன் உயர்வது தியாகத்தால் என்பது அவர் கட்சி. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் அவர் டார்வினோடு வாதாடினார். முன்பே நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்பதோடு அவர் நிற்கவில்லை.

இன்னொருவர் அரவிந்தர். 1910-ல் புதுச்சேரி வந்து 1914 முதல் "ஆர்யா" இதழில் தொடராக எழுதிய "தெய்விக வாழ்வு" முழுக்க உணர்வுநிலையின் பரிணாமம் பற்றியது. தசாவதார வரிசையைப் பற்றிப் பிற்காலக் கடிதம் ஒன்றில் குறிப்பிட்டபோது, பரிணாமத்தைச் சொல்லும் உருவகக் கதை போன்றது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்.

எதிர்த்தவர்களும் உண்டு. ஹரே கிருஷ்ணா இயக்கத்தை நிறுவிய பிரபுபாதர் டார்வினைக் கடுமையாக மறுத்தார். அந்த இயக்கத்தைச் சேர்ந்த மைக்கேல் க்ரெமோ, மனித இனம் கோடிக்கணக்கான வருஷமாக இப்படியே இருக்கிறது என்று காட்ட 1993-ல் இன்னொருவரோடு சேர்ந்து பெரிய புத்தகமே எழுதினார். விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. ஆகவே "இந்து மதத்துக்கும் பரிணாமத்துக்கும் சண்டையே இல்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. எந்த இந்து மரபு என்று கேட்க வேண்டும். சாங்கியத்துக்குப் படைப்பவன் தேவையில்லை. மீமாம்சையில் உலகுக்குத் தொடக்கமே இல்லை. நியாயமோ, பானை இருந்தால் குயவன் உண்டு, உலகம் இருந்தால் ஈசன் உண்டு என்று வாதிடும். சுவேதாசுவதர உபநிடதம், காலமா, இயல்பா, விதியா, தற்செயலா, பூதங்களா, எது காரணம் என்று கேள்விகளை அடுக்குகிறது. இப்படிக் கேட்கத் தெரிந்த மரபு, பதிலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1925-ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் பரிணாமம் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மேல் வழக்கு நடந்து 100 டாலர் அபராதம் விதித்தார்கள். இங்கே அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதற்கு இந்தப் பன்மையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உரசும் இடம்

ஆனால் உரசும் இடம் ஒன்று இருக்கிறது. அதை நாம் பேசுவதே இல்லை. பரிணாமத்தின் மையச் செய்தி பொது மூதாதை. எல்லா உயிரும் சொந்தம், எல்லா மனிதரும் நெருங்கிய சொந்தம். கர்மக் கணக்கில் பிறப்பு முன்வினைக்கான கூலி, இயற்கைத் தேர்வுக்குப் புண்ணிய பாவம் தெரியாது. ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் நாலு வருணத்தாரை நாலு வெவ்வேறு உறுப்பிலிருந்து வரவழைக்கிறது. அதை அந்தரங்க உருவகம் என்று எடுத்துக்கொள்வோர் உண்டு. ஆனால் பிறப்பிலேயே மேல் கீழ் என்பதற்கு அது எத்தனை நூற்றாண்டு சான்றாகக் காட்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டி தன் தோட்டத்தில் வேலை செய்தவருக்குத் தனித் தம்ளர் வைத்திருந்தார். கேட்டால் "அவா அவா பிறப்பு" என்பார். அதே பாட்டிதான் எனக்கு தசாவதாரக் கதையும் சொன்னார். டார்வின் அந்த வீட்டுக்குள் உண்மையாகவே வந்திருந்தால் முதலில் தொட்டிருக்க வேண்டியது அந்தத் தம்ளரை. நாங்கள் அவரைக் கொலுப்படியில் உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

முயல் எங்கே?

2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர், டார்வின் கொள்கை விஞ்ஞானப்படி தவறு, குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட்டன. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தர், தசாவதாரத்தை டார்வினோடு ஒப்பிட்டு நமதே மேல் என்று பேசினார், அதுவும் பள்ளிப் பிள்ளைகள் முன்னால். ஒருவர் டார்வின் தப்பு என்கிறார், மற்றவர் டார்வின் சொன்னதை நாம் முன்பே சொன்னோம் என்கிறார். இரண்டும் எதிரெதிர் கருத்து. ஆனால் கைதட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் "மரபும் பரிணாமமும்" என்ற பாடம் "மரபு" என்று சுருங்கியபோது 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் திறந்த கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுக்காத மாணவர் இனி இதைப் படிக்காமலே பள்ளியை முடிக்கலாம்.

இங்கே ஹால்டேனைச் சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் பெரிய பரிணாம விஞ்ஞானிகளில் ஒருவர். 1957-ல் இங்கிலாந்தை விட்டு கல்கத்தாவுக்குக் குடிவந்து, 1961-ல் இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேசுவரத்தில் இறந்தார். தசாவதார வரிசையில் முதுகெலும்பிகளின் பரிணாமத்துக்கு ஒரு தோராயச் சாயல் இருப்பதை ரசித்தவர்களில் அவரும் ஒருவர், அதனால் அவர் பெயரை இன்றும் சாட்சிக்கு இழுப்பார்கள். அவர் பெயரில் வழங்கும் இன்னொரு பதில் உண்டு. எது கிடைத்தால் பரிணாமம் பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு, "கேம்ப்ரியனுக்கு முந்தைய பாறையில் ஒரு முயலின் புதைபடிவம்" என்றாராம்.

எனக்கு எல்லாம் தெளிந்தது இந்த முயலில்தான். பரிணாமக் கொள்கை தன் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு முயல் போதும் வெட்டுவதற்கு. தசாவதாரத்துக்கு அப்படி ஒரு முயல் இருக்கிறதா? பாகவதத்தில் பன்றி மீனுக்கு முன்னால் வருகிறது என்று தெரிந்த பிறகு ஏதாவது ஒரு பக்தர் நம்பிக்கை இழந்தாரா? இழக்கவும் வேண்டாம். அந்தக் கதை அந்தச் சோதனைக்கு நிற்கவே வரவில்லை. அதை இழுத்துவந்து நிற்கவைத்தது நாம். நாளைக்கு விஞ்ஞானம் வேறு ஆதாரம் கண்டு மாறும், மாறுவதுதான் அதன் வேலை. அப்போது சாமியையும் சேர்த்து மாற்றுவோமா?

அக்கா மகளிடம் சொன்னேன்: "நான் சொன்னது தப்பு. ஆமையிலேர்ந்து பன்னி வரல. பரீட்சையில புத்தகத்துல இருக்கறத எழுது. கொலுவுல கதையைச் சொல்லு."

"அப்ப எந்தக் கதை நெஜம் மாமா?"

கொஞ்ச நேரம் யோசித்தேன். "எலும்பு எப்படி வந்துச்சுன்னு கேட்டா புத்தகம். ஆபத்துல இருக்கறவங்களுக்காக ஒருத்தர் பன்னி உருவம்கூட எடுத்து சேத்துல இறங்குவாரான்னு கேட்டா, அது இந்த பொம்மை."

அவள் முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "ம்" என்றாள். "சரி, இந்தத் தடவை வராகத்துக்குப் புதுத் தந்தம் வாங்கணும், அம்மாகிட்ட சொல்லுங்க" என்று போனை வைத்தாள்.